ஆட்சியைப் பணயம் வைத்த ஒப்பந்தம்: கொவ்வாடாவில் இன்னும் எழாத உலைகள்

புது தில்லி: அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பை மீண்டும் தொடங்குவதற்காக 2008-ம் ஆண்டில் ஒரு மத்திய அரசு தனது ஆட்சியையே பணயம் வைத்தது. வாக்கெடுப்பில் அரசு வென்றது, ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால், அந்த ஒப்பந்தத்தின்கீழ் அமெரிக்கத் தொழில்நுட்பத்தில் அமைய வேண்டிய உலைகளில் ஒன்றுகூட இதுவரை இந்திய மண்ணில் எழவில்லை.

சென்னையிலிருந்து நாயுடுபேட்டை வழியாக கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் விசாகப்பட்டினத்தைக் கடந்தால், ஸ்ரீகாகுளம் மாவட்டம் ரணஸ்தலம் வட்டாரத்தில் கொவ்வாடா என்ற கடலோரக் கிராமம் உள்ளது. இங்கு தலா 1,208 மெகாவாட் திறன் கொண்ட ஆறு உலைகளை அமைக்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்துள்ளது. இதற்கெனச் சுமார் 2,000 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது. வீட்டையும் கடலையும் விட்டு விலக வேண்டிய மீனவக் குடும்பங்களுக்குத் திட்டம் எப்போது தொடங்கும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

34 ஆண்டு முடக்கம்

1963-ல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, தாராப்பூரில் இரண்டு உலைகளை அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலெக்ட்ரிக் அமைத்தது. 1969-ல் அவை வர்த்தக ரீதியில் மின் உற்பத்தியைத் தொடங்கின. 1974 மே 18-ல் பொக்ரானில் இந்தியா நடத்திய அணுகுண்டுச் சோதனை எல்லாவற்றையும் மாற்றியது. சோதனைக்கான புளுட்டோனியம், கனடா வழங்கிய சைரஸ் உலையிலிருந்து வந்தது. கனடா உடனடியாக ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுசக்திப் பொருள்களை வழங்கும் நாடுகள் தனிக் குழுவாக இணைந்தன. 1978-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் தாராப்பூருக்கான எரிபொருளும் தடைப்பட்டது. 1982-ல் ஏற்பட்ட சமரசத்தின்படி பிரான்ஸ் எரிபொருள் வழங்க முன்வந்தது.

2005 ஜூலை 18-ல் பிரதமர் மன்மோகன் சிங்கும் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையில்தான் இந்த முடக்கம் தளரத் தொடங்கியது. 22 உலைகளில் 14-ஐ சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்படுத்த இந்தியா ஒப்புக்கொண்டது. இதை ஏற்காத இடதுசாரிகள் 2008 ஜூலையில் ஆதரவை விலக்கிக்கொண்டனர். ஜூலை 22-ல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 275 வாக்குகளும், எதிராக 256 வாக்குகளும் பதிவாயின. அன்றுதான் மக்களவைக்குள் பணக்கட்டுகள் காட்டப்பட்டன. பதவி விலக மறுத்த அவைத்தலைவர் சோம்நாத் சட்டர்ஜியை மறுநாளே மார்க்சிஸ்ட் கட்சி நீக்கியது. அக்டோபர் 10-ல் பிரணாப் முகர்ஜியும் காண்டலீசா ரைஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

இழப்பீடு யார் பொறுப்பு?

அடுத்த முட்டுக்கட்டை நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. அணு விபத்து இழப்பீட்டு மசோதா விவாதத்தில் இருந்த 2010 ஜூன் மாதத்தில், போபால் விஷவாயு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட விபத்துக்கு இரண்டு ஆண்டுச் சிறை மட்டுமே தண்டனை என்பது நாட்டைக் கொதிக்க வைத்தது. பாஜகவும் இடதுசாரிகளும் நெருக்கியதன் விளைவாக, 17(பி) பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது. கருவியில் குறை இருந்து விபத்து நேர்ந்தால், உலையை இயக்கும் நிறுவனம் அதை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டைத் திரும்பக் கோரலாம் என்றது அப்பிரிவு. அமெரிக்க நிறுவனங்கள் ஒதுங்கி நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்.

சட்டம் மட்டுமே தடை என்று கூறிவிட முடியாது. கொவ்வாடா உலைகளுக்கான ஒப்பந்தத்தை 2017 ஜூனுக்குள் முடிப்பதென 2016-ல் பிரதமர் நரேந்திர மோடியும் அதிபர் பராக் ஒபாமாவும் அறிவித்தனர். ஆனால் 2017 மார்ச்சில், உலைகளை வழங்க வேண்டிய வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமே திவால் மனு தாக்கல் செய்தது. அதே வகை உலைகள் இரண்டை ஜார்ஜியா மாநிலத்தில் அமைக்க 3,000 கோடி டாலருக்கு மேல் செலவானது. முதலில் கைவிட்டுப் போன கனடாவின் இரு நிறுவனங்களே 2023 முதல் வெஸ்டிங்ஹவுஸின் உரிமையாளர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பந்தத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதும் சரியல்ல. யுரேனியம் இல்லாமல் பாதித் திறனில் ஓடிய உள்நாட்டு உலைகளுக்கு கஜகஸ்தான், ரஷ்யா, கனடா ஆகிய நாடுகளிலிருந்து எரிபொருள் வந்தது. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தை 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியது. கூடங்குளம் இதில் அடங்காது. அது 1988-ல் சோவியத் யூனியனுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு.

இடம் மாறிய கட்சிகள்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்தி மசோதா, 1962, 2010-ம் ஆண்டுச் சட்டங்களுக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டது. தனியார் நிறுவனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. 17(பி) பிரிவு கைவிடப்பட்டது. ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அல்லது வேண்டுமென்றே தீங்கு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே இழப்பீட்டைத் திரும்பக் கோர முடியும். மிகப் பெரிய உலைகளை இயக்குவோரின் பொறுப்புக்கு உச்சவரம்பு ரூ.3,000 கோடி.

2010-ல் அந்தப் பிரிவுக்காக வாதாடிய பாஜகவின் அரசே அதை நீக்கியது. அன்று தயங்கியபடியே அதை ஏற்ற காங்கிரஸ், இன்று அதைக் காக்கக் குரல் கொடுத்தது. மசோதாவை நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

2047-ம் ஆண்டுக்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின் திறன் என்ற இலக்கை எட்ட, வெளிநாட்டு முதலீடும் தொழில்நுட்பமும் வேண்டும் என்பது அரசின் வாதம். அது புறந்தள்ளத் தக்கதல்ல. ஆனால், கொவ்வாடாவில் நாளை உலை எழுந்து அதில் குறை இருந்தால், இழப்பின் சுமை உச்சவரம்புக்கு மேல் அரசின் தலையில், அதாவது வரி செலுத்துவோரின் தலையில் விழும். மின்சாரம் எந்த விலைக்கு வரும் என்பதும் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவ்விரண்டையும் அரசு அவையில் வைத்தாக வேண்டும். 2008-ல் ஆட்சியையே பணயம் வைத்து விவாதித்த நாடாளுமன்றம், விபத்தின் சுமையை யார் ஏற்பது என்பதை விவாதிக்க அதைவிடக் குறைந்த நேரம் எடுத்துக்கொள்வது முறையாகாது.