இரு விருந்துகள்: ஒரு சாகசப் படமும் அதன் பார்வையாளரும்

திரைப்படம் ஒன்று பற்றிப் பார்வையாளர் வெளியிடும் கருத்துக்கள் தனிமனித இரசனையின் வெளிப்பாடுகள் மாத்திரமல்ல. ஒருவர் எதனைக் கண்டு கொதிப்படைகிறார், எதனைக் காணாமலே கடந்துவிடுகிறார் என்பன அவரது சமூக நிலையோடு பிணைந்தவை. ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் நெறிப்படுத்தி 1984இல் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த ரெம்பிள் ஒவ் டூம்' இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கதை 1935இன் வட இந்தியாவில் நிகழ்கிறது. ஆயின், எழுத்துப் பிரதியில் மாற்றங்களையும் இறுதித் தொகுப்பின்மீது உரிமையையும் இந்திய அரசு கோரியமையாற் படப்பிடிப்புக் குழு 1983 ஏப்ரலிற் கண்டிக்கு வந்தது. 'இந்திய'க் கிராமம் கண்டியை அண்டியே அமைக்கப்பட்டது. தொங்குபாலத்தைக் கட்ட உதவியோர், அப்போது விக்டோரியா அணைக்கட்டிற் பணிபுரிந்த பிரித்தானியப் பொறியியலாளர். கிராமத்துப் பூசகராக நடித்தவர் சிங்களத் திரையின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. கிராமத்தவர் பேசுவதும் சிங்களமே. இலங்கைப் பார்வையாளருக்கு இது நகைப்பையும், தெரிந்த மண்ணைத் திரையிற் கண்ட பெருமிதத்தையும் ஒருங்கே தரவல்லது. மேலைத்தேயப் பார்வையாளருக்கோ ஏதோவொரு கீழைத்தேய மொழி ஒலித்தாற் போதும். அது எம்மொழி என்பது பொருட்டன்று.

அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. மோலாராம் (அம்ரிஷ் பூரி) உயிருள்ள மனிதனின் இதயத்தை வெறுங்கையாற் பிடுங்கும் காட்சி சிறுவர்க்கு ஏற்றதன்று எனப் பெற்றோர் முறையிட்டனர். 'கிரெம்லின்ஸ்' பற்றிய முறைப்பாடுகளும் சேர, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரப்படுத்தல் 1984 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அரங்கில் அமர்ந்திருந்த சிறுவரின் மனநலம் பேசப்பட்டது. திரையிற் சங்கிலியிற் பிணிக்கப்பட்டுச் சுரங்கம் தோண்டிய சிறுவர் அவ்வாதத்திற் பொருளாகவில்லை.

இந்தியாவிற் படம் சிலகாலம் தடைசெய்யப்பட்டிருந்தது. இந்தியர் பலரைப் புண்படுத்தியது அரண்மனை விருந்து: உயிருள்ள பாம்புக்குட்டிகள், வண்டுகள், கண்விழிகள் மிதக்கும் சூப், குரங்கின் மூளை. இச்சினம் நியாயமானதே. காளி வழிபாட்டைக் கொலைவெறியாகக் காட்டி, பிரித்தானியப் படையை மீட்பராக நிறுத்தும் மரபுக்கு 'கங்கா டின்' (1939) முன்னோடி. அதுவும் வங்கத்திலும் பம்பாயிலும் தடைசெய்யப்பட்டது. தக்கர் எனும் கொலைஞர் கூட்டம் பற்றிய சித்திரமோ, 1830களில் ஸ்லீமன் போன்ற குடியேற்ற ஆட்சி அதிகாரிகளின் பதிவுகள் வழியே பெரிதும் பரவியது.

எனினும் இச்சினத்திற்கும் ஓர் எல்லை உண்டு. படத்தில் விருந்துகள் இரண்டு. அரண்மனை விருந்துக்கு முன்னரே, பஞ்சத்தால் வாடிய கிராமத்தவர் தம்மிடமிருந்த சொற்ப உணவை வந்தவர் முன் வைக்கின்றனர். பாடகி வில்லி உண்ண மறுக்கிறாள். இவர்கள் ஒரு வாரத்தில் உண்பதிலும் இது அதிகம் எனக் கதாநாயகன் அவளைக் கடிந்துகொள்கிறான். அரண்மனை மேசையை மறவாதோர் இவ்வுணவை அரிதாகவே நினைவுகூர்கின்றனர். 'நாம் இவ்வாறு உண்பவரல்லர்' என்பது, மேலைத்தேயத்தவர் முன் தன் கௌரவம் குலைவதைப் பொறாத நடுத்தர வர்க்கத்தின் வாதம். உண்ண இல்லாதவர்க்கு அதில் இடமில்லை.

அக்கிராமம் ஏன் வறண்டது? புனிதக் கல் களவுபோயிற்று, கிணறுகள் வற்றின என்கிறது படம். நிலவரி, கடன், குத்தகை என்பவற்றின் சாயல்கூட இல்லை. கல் மீண்டதும் நிலம் செழிக்கிறது. சிறுவர் உழைப்புச் சுரண்டப்படுதற்குக் காரணமும் ஒரு மதவெறியனே. ஈற்றிற் பிரித்தானியத் தளபதி படையுடன் வந்து நிலைமையைச் சீர்செய்கிறார். ஆனால் 1935இற் சுதேச சமஸ்தானங்கள் பிரித்தானிய மேலாண்மையின் கீழேயே நிலைத்திருந்தன. சிம்மாசனங்களுக்கு இறுதி உத்தரவாதம் அப்படையே. படமும் தன்னையறியாமல் இதனை ஒப்புக்கொள்கிறது: அத்தளபதி அரண்மனை விருந்திலும் அமர்ந்திருந்தவர்தாம். பாலத்தருகே அவரது கட்டளைக்குச் சுடுவோரோ தலைப்பாகை அணிந்த இந்தியச் சிப்பாய்கள். அவர்களும் இத்தகைய ஏதோவொரு கிராமத்திலிருந்து வந்தவர்களாகவே இருத்தல் வேண்டும்.