டோக்கன் மென்பொருள் பழுதானால் பதற வேண்டாம்

மாதத்தின் கடைசி நாள். பணியாளர்களின் ஊதியப் பட்டியலைப் பதிவேற்றிவிட்டு, நிறுவனக் கணக்குக்கான இணைய வங்கிச் சேவையில் டிஜிட்டல் கையொப்பம் இட முனைகிறீர்கள். 'டோக்கன் காணப்படவில்லை' என்கிறது திரை. யூ.எஸ்.பி. டோக்கனோ கணினியில் செருகியபடியே இருக்கிறது. இந்நிலையில் வாடிக்கையாளர்கள் முதலில் அறிய வேண்டிய ஒன்றை இங்கே கூற விரும்புகிறோம். கையொப்பத்துக்குரிய மறைவுச் சாவி டோக்கனுக்குள்தான் இருக்கிறது. கணினியில் இருப்பது, டோக்கனோடு பேசுவதற்கான மென்பொருள் மட்டுமே. அதை நீக்கி மீண்டும் நிறுவுவதால் கையொப்பம் அழியாது.

பழுது நேர்வது எவ்வாறு?

நிறுவும்போது மின்சாரம் தடைப்படலாம். வட்டில் இடம் போதாமல் போகலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு கோப்பை விலக்கி வைக்கலாம். அப்போது மென்பொருள் நிறுவப்பட்டதாகக் கணினியின் பட்டியல் காட்டும். தேவையான கோப்போ இராது. அதன் மேலேயே மீண்டும் நிறுவ முயன்றால், 'ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது' என்று கணினி மறுப்பதும் உண்டு. ஆகவே, பழையதை முறைப்படி நீக்குவதே வழி.

சரிசெய்யும் முறை

1. டோக்கனை வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகி, கணினியை மறுதொடக்கம் செய்து பாருங்கள். சில வேளைகளில் இதுவே போதும்.

2. பயன் இல்லையெனில் டோக்கனைக் கழற்றி, உலாவியை மூடுங்கள். விண்டோஸ் 11 கணினியில் 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்ற வரிசையில் சென்று, டோக்கன் மென்பொருளை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். பின்னர் மறுதொடக்கம் செய்யுங்கள்.

3. வட்டில் இடமும், கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள்.

4. சான்றிதழ் வழங்கிய நிறுவனத்தின் அல்லது டோக்கன் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டும் மென்பொருளைப் பதிவிறக்கி, நிர்வாகி உரிமையுடன் நிறுவுங்கள். மறுதொடக்கத்துக்குப் பின் டோக்கனைச் செருகுங்கள்.

5. மென்பொருளைத் திறந்து, சான்றிதழ் தெரிகிறதா, அதன் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். காலாவதியான சான்றிதழை எந்த மென்பொருளும் உயிர்ப்பிக்காது.

செய்யக் கூடாதவை

'இனிஷியலைஸ்' அல்லது 'ஃபார்மேட்' என்ற கட்டளையைத் தொடாதீர்கள். டோக்கனில் உள்ள கையொப்பம் அழிந்துவிடும். கடவு எண்ணை ஊகித்துத் திரும்பத் திரும்ப இடாதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றினும் முக்கியமாக, அவசரத்தில் தேடுபொறியில் கிடைக்கும் 'உதவி எண்' ஒன்றை அழைத்து, முன்பின் அறியாதவரிடம் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியைத் தராதீர்கள். செருகிய டோக்கனும் கடவு எண்ணும் அவர் கைக்கு எட்டினால், உங்கள் கையொப்பமே அவருடையதாகிவிடும். மறைவுச் சாவியைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் செலுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆவது பிரிவின்படி கையொப்பதாரரின் கடமை. சாவி பிறர் வசமானதை அறிந்தால், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்கவும் அப்பிரிவு பணிக்கிறது. பணம் பறிபோயிருந்தால் உடனே வங்கிக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

ஊதிய நாளன்று பழுது நீங்காவிடில், கையொப்பமிடும் அதிகாரம் பெற்ற மற்றொருவர் தம் டோக்கனைக் கொண்டு வேறு கணினியிலிருந்து ஒப்புதல் அளிக்கலாம். அல்லது காசோலையுடனும் ஊதியப் பட்டியலுடனும் உங்கள் கிளையை அணுகலாம். மாத நடுவில் ஒருமுறை டோக்கனைச் செருகிச் சோதித்துவிட்டால், கடைசி நாளின் பதற்றம் பெரிதும் குறையும்.