மாமல்லைப் பாறைகளின் கடற்காடு: அன்றும் இன்றும்

பல்லவச் சிற்பிகள் உளி வைத்த கல், மாமல்லபுரத்தில் கரையோடு முடிந்துவிடவில்லை. கடலுக்குள்ளும் இறங்கிக் கிடக்கிறது. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் அந்தப் பாறைகளின்மேல் கடற்பாசிக் காடு ஒன்று வாழ்கிறது. கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களில் அதைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

அன்று

எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாசியியலை வளர்த்த காலத்தில், தாவரவியலாளர்களின் கவனம் இந்தப் பாறைகள்மீதும் விழுந்தது. மாமல்லபுரத்துக் கடற்பாசிகளில் எது எங்கே வளர்கிறது, பருவம் மாறும்போது எது மறைந்து எது தலையெடுக்கிறது என்று கே.எஸ். சீனிவாசன் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை 1946இல் அய்யங்கார் சிறப்பு மலரில் வெளியானது. அன்று மாமல்லபுரம் கட்டுமரமும் பருத்தி வலையும் புழங்கிய சிற்றூர்.

இந்தக் காடு முழங்கால் உயரம்கூட எட்டாது. அலை ஓங்கி அறையும் விளிம்பில் கீட்டோமார்ஃபா விறைப்பான பச்சை இழைகளாய்க் கல்லைப் பற்றி நிற்கும். சற்றுத் தள்ளி உல்வாவின் மெல்லிய பச்சை நாடாக்கள். அவற்றுக்கிடையே கிரேசிலேரியாவின் கருஞ்சிவப்புக் கொத்துகள். நீர் வற்றும் நேரத்தில் இந்தப் பாசிகள் பாறைமேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. ஒரு கொத்தை விலக்கினால், வெயிலுக்கு ஒதுங்கிய நத்தையும் பொடி நண்டும் தெரியும். நீர் ஏறியதும் மீன்கள் மேய வருகின்றன.

கலிஃபோர்னியா, தென்னாப்பிரிக்கா போன்ற குளிர்ந்த கடற்கரைகளில் இந்த வேலையைப் பேருருவில் செய்வது கெல்ப் என்னும் பெரும்பாசி. அதில் ஒரு வகை 30 மீட்டருக்கு மேலும் வளரும். நம் வெதுவெதுப்பான கடலில் அது வளராது. இங்கே உணவும் மறைவிடமும் தரும் பொறுப்பு இந்தச் சிறு பாசிகளுடையது.

இன்று

1984இல் மாமல்லபுரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கடலரிப்பிலிருந்து கோயிலைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அந்தக் கற்களிலும் பாசி படர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விடுதிகள் பெருகின. கட்டுமரம் ஃபைபர் படகாயிற்று, பருத்தி வலை நைலானாயிற்று. அறுந்த நைலான் வலை பாரில் சிக்கினால் மட்கவே மட்காது. கழிவுநீர் கலக்கும் இடத்தில் உல்வா போன்ற ஒன்றிரண்டு பாசிகள் மண்டி மற்றவற்றை நெருக்கும். கரையோரக் கட்டுமானங்கள் மணலோட்டத்தைத் திருப்பினால் பாறையே மணலில் புதையும். பாசிக்குப் பற்றிக்கொள்ள இடமிருக்காது.

சட்டத்திலும் ஒரு குறை இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, முதல் வகைப் பாதுகாப்பில் அலையாத்திக் காடு, பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் இடம், தொல்லியல் சின்னம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. கடற்பாசிப் படுகைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அரசின் அக்கறை பாசி வளர்ப்பில் இருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அமைகிறது. மீனவப் பெண்களுக்கு வருமானம் தருமென்றால் அது நல்ல முயற்சிதான். ஆனால் கயிற்றில் ஒரே பாசியை வளர்ப்பது பண்ணை. பலவகைப் பாசி தானாக வளரும் பாறைக்கு அது ஈடாகாது.

பழைய பதிவு ஏன் வேண்டும் என்பதை வட கலிஃபோர்னியா காட்டுகிறது. அங்கே 2014க்குப் பின் கடல் சூடேறியது. கடல் முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திர மீன்கள் நோயில் மடிந்தன. பெருகிய முள்ளெலிகள் கெல்ப்பை மேய்ந்து தீர்த்ததில் அது 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது. முந்தைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் பதிவுகள் இருந்ததால்தான் இழப்பை அளக்க முடிந்தது.

நமக்கோ 1946ஆம் ஆண்டுப் பதிவு கையில் இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் மீனவர்களைத் துணைக்கு அழைத்து, அதே பாறைகளில் பருவந்தோறும் கணக்கெடுக்க வேண்டும். மாவட்டக் கடலோர மேலாண்மைத் திட்டத்தில் பாசிப் பாறைகளை வரைபடமாக்கிச் சேர்க்க வேண்டும். சிற்பத்துக்காகக் கல்லைக் காக்கும் நாம், அதே கல்லில் வாழும் உயிரையும் காக்கக் கடமைப்பட்டவர்கள்.