புது செல்போன் வாங்கியாச்சா? பழைய கணக்குகள் பத்திரமா?

ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று வந்துவிட்டால் போதும், புடவைக் கடைக்குச் சமமாக செல்போன் கடையிலும் கூட்டம் அலைமோதுகிறது. "பழசைக் கொடுங்கம்மா, புதுசை எடுத்துட்டுப் போங்க" என்று வாசலிலேயே கூப்பிடுகிறார்கள். நாமும் ஆசையாக வாங்கி வந்து, சாமி படத்தின் முன் வைத்துக் குங்குமம் இட்டு, சிம்மைப் போட்டு ஆன் செய்கிறோம். தலைவலி அதற்கப்புறம்தான் ஆரம்பம். கூகுள் கணக்கு, வாட்ஸ்அப், வங்கிச் செயலி, பணம் அனுப்பும் யு.பி.ஐ. என்று ஒவ்வொன்றும், "நீங்கள் யார்?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை, சகோதரிகளே. பாஸ்வேர்டு என்பது வீட்டுச் சாவி மாதிரி. சாவி திருட்டுப் போகலாம். அதனால் இப்போதெல்லாம் சாவியோடு கூட, தெரிந்த முகமா என்று பார்க்கும் காவல்காரரையும் வைத்திருக்கிறார்கள். நாம் தினமும் பயன்படுத்தும் செல்போன்தான் அந்தத் தெரிந்த முகம். போனை மாற்றினால், நாமே நம் வீட்டு வாசலில் புது ஆளாகிவிடுகிறோம். உள்ளே போக வேண்டிய வழிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் பயமே வேண்டாம்.

பழைய போன் கையில் இருக்கும்போதே

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க அவசரப்படாதீர்கள். ஒரு வாரமாவது வீட்டில் வைத்திருங்கள். புது போனில் எல்லாக் கணக்கும் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு கொடுக்கலாம்.

முதலில் கூகுள் கணக்கு. போட்டோ, போன் நம்பர்கள், ஜிமெயில் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பழைய போனில் செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்துக்குப் போய், கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து, மீட்புக்கான போன் நம்பரும் இன்னொரு ஈமெயில் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்கு அங்கேயே பேக்கப் கோடு என்று 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 8 இலக்கம். ஒரு எண்ணை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம். புதிதாக 10 எண்கள் வாங்கினால் பழையவை செல்லாது. இவற்றைக் காகிதத்தில் எழுதி, நகைப் பெட்டியோடு பீரோவில் வைத்துவிடுங்கள். போனே இல்லாத நாளில் கைகொடுப்பது இந்தச் சீட்டுதான்.

அரை நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியை வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வைத்திருக்கிறார்கள். கூகுள் ஆதென்டிகேட்டரில் இந்த எண்களைக் கூகுள் கணக்கிலேயே சேமித்துக்கொள்ளும் வசதி 2023-ல்தான் வந்தது. அதை இயக்கி வைக்காதவர்கள், பழைய போனில் 'கணக்குகளை மாற்று' என்பதைத் தொட்டு, அதில் வரும் கட்டம் போட்ட க்யூ.ஆர். படத்தைப் புது போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய போனை அழித்த பின் இதைச் செய்யவே முடியாது.

வாட்ஸ்அப்

பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட் பேக்கப் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அது கூகுள் கணக்கில் போய்ச் சேரும். புது போனிலும் அதே கூகுள் கணக்கையே போட வேண்டும். வேறு கணக்கைப் போட்டுவிட்டு, "பழைய மெசேஜ் எல்லாம் எங்கே போச்சு?" என்று தேடினால் கிடைக்காது. நம்பரைக் கொடுத்ததும் ஆறு இலக்க எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அதைப் போட்டவுடன், பழையதை மீட்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டுவிடாதீர்கள்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருந்தால் நீங்களே போட்ட ஆறு இலக்கப் பின் நம்பரையும் கேட்கும். அது மறந்து, ஈமெயிலும் கொடுத்து வைக்காவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே அந்த இடத்தில் ஈமெயிலை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

வங்கியும் யு.பி.ஐ.யும்

வங்கியில் பதிவு செய்த நம்பரின் சிம், புது போனுக்குள்ளேயே இருக்க வேண்டும். யு.பி.ஐ. செயலியைத் திறந்ததும் உங்கள் போனிலிருந்து தானாக ஒரு எஸ்.எம்.எஸ். போகும். அந்த நம்பரைப் பார்த்துத்தான் உங்கள் வங்கிக் கணக்கை அது கண்டுபிடிக்கிறது. ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மாக இருந்தால் எஸ்.எம்.எஸ். போகாது, வேலையும் நடக்காது. இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் சரியான சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யு.பி.ஐ. பின் நம்பர் வங்கிக் கணக்கோடு சேர்ந்தது என்பதால் பழைய பின் நம்பரே பெரும்பாலும் போதும். மறந்துவிட்டால் டெபிட் கார்டின் கடைசி 6 எண்களும், அது முடியும் மாதமும் வருடமும், போனில் வரும் ஓ.டி.பி.யும் இருந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். புது போன் என்பதால் ஆரம்பத்தில் பெரிய தொகை அனுப்ப விடமாட்டார்கள். ஸ்கூல் ஃபீஸ், கல்யாண மண்டப அட்வான்ஸ் என்று கட்ட வேண்டிய நாளில் போனை மாற்றாதீர்கள்.

போன் உடைந்தாலோ, தொலைந்தாலோ?

என் ஓர்ப்படிக்கு இப்படித்தான் ஆயிற்று. துணி துவைக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன், தண்ணீர் அண்டாவில் விழுந்து உயிரை விட்டது. புது போனில் பாஸ்வேர்டைச் சரியாகத்தான் போட்டார். கூகுளோ, "பழைய போனில் 'ஆம்' என்பதைத் தொடவும்" என்றது. அது எங்கே தொடுவது? வேறு வழி கேட்டால், மகன் வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த நம்பருக்கு எண் அனுப்புவதாகக் காட்டியது. அந்த நம்பரை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

"போனாப் போகுதுன்னு விட முடியலையே! காலமான எங்க மாமனார் குரலில் பேசின வீடியோ அதுல மட்டும்தானே இருக்கு" என்று அழுதார். இதற்குள் பக்கத்து வீட்டுப் பையன் இணையத்தில் தேடி ஒரு 'கஸ்டமர் கேர்' நம்பரைக் கொடுத்தான். பேசியவர் ஆயிரம் ரூபாய் கேட்டதோடு, போன் திரையைத் தன்னோடு பகிரும் ஒரு செயலியைப் போடவும் சொன்னார். நல்ல வேளையாக அண்ணிக்குச் சந்தேகம் வந்து, போனை வைத்துவிட்டார். கூகுள் கணக்கை மீட்கக் கட்டணம் எதுவும் கிடையாது. காசு கேட்பவர், ஓ.டி.பி. கேட்பவர், திரையைக் காட்டச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகளுடைய பழைய லாப்டாப்பில் அண்ணியின் ஜிமெயில் திறந்தபடியே கிடந்தது. அதிலேயே பாதுகாப்புப் பகுதிக்குப் போய், மறுபடி பாஸ்வேர்டைக் கொடுத்து, பேக்கப் கோடுகளை எடுத்தார்கள். ஒரு எண்ணைப் புது போனில் போட்டதும் கணக்கு திறந்துவிட்டது. மீட்பு நம்பரையும் அப்போதே மாற்றினார்கள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், ஏற்கெனவே கணக்கைத் திறந்திருக்கும் கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், எப்போதும் இருக்கும் இடத்திலிருந்து, எப்போதும் பயன்படுத்தும் வைஃபையில் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயற்சி செய்யுங்கள்.

போன் திருட்டுப் போனால் செய்ய வேண்டியவை:

1. சிம் கம்பெனிக்குப் பேசி நம்பரை உடனே முடக்குங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

2. போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2023-ல் தொடங்கிய மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், அந்தப் புகாரையும் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொடுத்தால் போனையே முடக்கலாம். இந்த எண் போன் வந்த பெட்டியில் இருக்கும். போனில் *#06# என்று அழுத்தினாலும் தெரியும். இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

3. அதே நம்பருக்கு மாற்று சிம் வாங்குங்கள். அது வந்ததும் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்தப்பட்டிருக்கும். வேறொருவர் உங்கள் பெயரில் சிம் வாங்கி ஓ.டி.பி.யைத் திருடாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. "ஓ.டி.பி. வரலையே" என்று பதற வேண்டாம்.

4. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

பழைய போனைக் கொடுக்கும் முன்

கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். வேலைக்கார அம்மாவுக்கோ, ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கோ கொடுப்பதானாலும் இதே முறைதான். கணக்கை நீக்காமல் அழித்த போன், வாங்கியவரிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். அவருக்கும் உபயோகப்படாது.

நம்பர் யாருடையது?

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மனைவியின் வங்கிக் கணக்கில் கணவர் நம்பர், மாமியாரின் பென்ஷன் கணக்கில் மகன் நம்பர், ஜிமெயிலில் யாரோ ஆரம்பித்துக் கொடுத்த நம்பர். அவர்கள் ஊரில் இருக்கும் வரை சரி. வெளியூர் போனாலோ, காலமாகிவிட்டாலோ, நம் பணத்துக்கான ஓ.டி.பி. நமக்கு வராது. 90 நாள் உபயோகிக்காத ப்ரீபெய்டு நம்பர் துண்டிக்கப்பட்டு, பிற்பாடு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரலாம். கணவரை இழந்த பெண்கள், அவர் நம்பரை நிறுத்துவதற்கு முன், அந்த நம்பரில் தங்கள் கணக்கு எதுவெல்லாம் இருக்கிறது என்று பார்த்து மாற்றிக்கொள்வது மிக அவசியம்.

பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், படிவம் எழுதிக் கொடுத்து நம்பரை மாற்றலாம். "இதெல்லாம் எனக்கெதுக்கு, அவர் பார்த்துப்பார்" என்று இருந்துவிடாதீர்கள். மளிகைக் கணக்கை நோட்டில் எழுதும் நமக்கு இது பெரிய வித்தையா என்ன? எந்தக் கணக்கில் எந்த நம்பர், எந்த ஈமெயில் என்று ஒரு பக்கம் எழுதிவையுங்கள். ஏ.டி.எம்., யு.பி.ஐ. பின் நம்பர்களை மட்டும் எழுத வேண்டாம். அந்த நோட்டு இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சமையல் முடிந்ததும் உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.