கணக்கில் விடுபட்ட குழந்தைகள்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. கேழ்வரகும் தக்காளியும் பூவும் விளையும் பூமி. சில ஆண்டுகளாக இவ்வூரின் பெயர் பத்திரிகைகளில் அடிபடுவதற்குக் காரணம் விளைச்சலன்று. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் 2023 இல் நெடுநாள் கிளர்ச்சி செய்தனர். அண்டையிலுள்ள கூத்தனப்பள்ளியில் டாட்டா கம்பெனியாரின் கைத்தொலைபேசி உறுப்புகள் செய்யும் பெருந்தொழிற்சாலை நடக்கிறது. இப்பகுதியில் எந்தச் சர்வே நம்பரில் எத்தனை சென்ட் நிலம், பட்டா யார் பெயரில் என்று கேட்டால் தாலூகாக் கச்சேரி ஏட்டைப் புரட்டிப் பதில் சொல்லிவிடும். அதே ஊர்களின் பாடசாலைகளில் காது கேளாத குழந்தைகள் எத்தனை பேர், பார்வை குன்றியோர் எத்தனை பேர், அறிவு வளர்ச்சி தாமதப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குச் சிறப்பாசிரியர் கிடைத்தார் என்று நாம் எந்தப் பொதுக்கூட்டத்தில் கேட்டோம்? நிலத்தின் கணக்கைக் கேட்டு வீதிக்கு வந்த தேச ஊழியர்கள் இந்தக் கணக்கையும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய பத்திரிகைகளில் இவர்களைக் குருடர், செவிடர், அங்கஹீனர் என்று எழுதுவது வழக்கமாயிருந்தது. 2010 இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் மாற்றுத்திறனாளிகள் என்ற பெயரை மேற்கொண்டது. நல்ல மாறுதல்தான். ஆனால் பெயர் மாற்றுவதற்குச் செலவு கிடையாது. எண்ணுவதற்குச் செலவுண்டு, எண்ணிய பிறகு கொடுப்பதற்கு அதைவிட அதிகச் செலவுண்டு. சர்க்கார்களின் சுறுசுறுப்பு இந்த வரிசையிலேயே குறைந்துகொண்டு போவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

எண்ணுவது என்பதுதான் எவ்வளவு விசித்திரமான காரியம் என்பதற்குச் சென்ஸஸ் புள்ளிகளைப் பார்த்தால் போதும். 2001 இல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16,42,497 பேர் என்று கணக்கெடுத்தார்கள். பத்தாண்டு கழித்து 2011 இல் அத்தொகை 11,79,963 ஆயிற்று. இதே காலத்தில் தேச முழுமைக்குமான தொகை ஏறக்குறைய 2 கோடி 19 லட்சத்திலிருந்து 2 கோடி 68 லட்சமாக உயர்ந்தது. தேசத்தில் ஏற, தமிழ்நாட்டில் மட்டும் நாலரை லட்சத்துக்குமேல் எப்படிக் குறைந்தது? உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் விளங்கும். பார்வைக் குறைவு என்ற தலைப்பின் கீழ் 2001 இல் 9,64,063 பேர் இருந்தனர். 2011 இல் 1,27,405 பேர்தான். எட்டு லட்சத்து முப்பதினாயிரம் பேருக்குமேல் பத்து வருஷத்தில் கண் தெரிந்துவிட்டதா? கண் சிகிச்சை முகாம்கள் பலருக்கு ஒளி தந்தது மெய். ஆயினும் முக்கிய காரணம் வேறு. முதல் கணக்கில் ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவரையும் சேர்த்தார்கள். அடுத்த கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து வகையாகக் கேட்ட கேள்வியை எட்டு வகையாகக் கேட்டார்கள். காது கேளாதோர் தொகையோ 72,636 இலிருந்து 2,20,241 ஆக மும்மடங்காயிற்று. அத்தனை காதுகளும் பத்தாண்டில் கெட்டுப்போயின என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேள்வி மாறினால் கணக்கு மாறும். யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எந்த பாஷையில் கேட்கிறார் என்பதனாலும் மாறும்.

2021 இல் எடுத்திருக்க வேண்டிய சென்ஸஸ் எடுக்கப்படவில்லை. 2027 மார்ச்சு 1 ஆம் தேதியை ஆதாரமாக வைத்து எடுப்பதாக இந்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. ஆகவே 2011 இல் தொட்டிலில் கிடந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளி வயதை எட்டிய பின்னும் நம் கையில் இருப்பது அந்தப் பழைய புள்ளிதான். இந்த இடைவெளியில் சட்டமோ மாறிவிட்டது. 1995 ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஒப்புக்கொண்டது. 2016 இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் அமுலுக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஒப்புக்கொள்கிறது. ஆட்டிஸம், பெருமூளை வாதம், நன்றாகப் பேசும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடாத கற்றல் குறைபாடு ஆகியவை அவற்றுள் சேர்ந்தவை. இச்சட்டத்தின் 17 ஆவது பிரிவு பாடசாலைக் குழந்தைகளை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. அவர்களுடைய தேவை என்ன, அது எவ்வளவு தூரம் பூர்த்தியாயிற்று என்பதையும் அறிய வேண்டும் என்கிறது. முதல் கணக்கெடுப்பைச் சட்டம் அமுலான இரண்டு வருஷத்துக்குள், அதாவது 2019 ஏப்ரலுக்குள் முடித்திருக்க வேண்டும். இரண்டாவதற்கும் தவணை கடந்துவிட்டது.

கணக்கு எதற்கு, கஞ்சி அல்லவா வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே கணக்கைப் பொறுத்தே கஞ்சி. சுப்ரீம் கோர்ட்டார் 2021 அக்டோபர் 28 இல் அளித்த தீர்ப்பில் ஆரம்ப வகுப்புகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தார்கள். ராஜ்ய சர்க்கார்கள் அசைந்து கொடுக்காமையால், 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவிக்கும்படி அவர்களே மறுபடி உத்தரவிட நேர்ந்தது. பணமும் இப்படித்தான். சமக்ர சிக்ஷா திட்டத்தில் இக்குழந்தைகளுக்காகத் தலைக்கு வருஷம் 3,500 ரூபாய் வரையில் ஒதுக்கலாம். பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத உதவித்தொகை தனி. ஓர் ஒன்றியத்தின் ஆரம்ப வகுப்புகளில் உண்மையில் நூறு குழந்தைகள் இருக்க, ஏட்டில் நாற்பது பேர் மட்டும் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துச் சிறப்பாசிரியர்கள் வரவேண்டிய இடத்தில் நால்வருக்குத்தான் நியாயம் கேட்க முடியும். மூன்றரை லட்சம் ரூபாய்க்குப் பதில் ஒரு லட்சத்து நாற்பதினாயிரம்தான் கேட்க முடியும். விடுபட்ட அறுபது குழந்தைகள் தங்களுக்குரியது பறிபோனதை அறியவும் மாட்டார்கள்.

இந்த ஏடு எப்படி நிரம்புகிறது? தமிழ்நாட்டில் எமிஸ் என்ற கணினிப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. தேசத்துக்குப் பொதுவான யூடைஸ் பதிவிலும் 2022-23 முதல் மாணவர் வாரியாக விவரம் சேர்க்கிறார்கள். பெயர், வயது, சாதி, சத்துணவு, சீருடை என்று ஏற்ற வேண்டிய விவரங்களுக்கு நடுவே, இக்குழந்தைக்குக் குறைபாடு உண்டா, என்ன வகை என்றும் ஓர் இடம் இருக்கிறது. பாடம் நடத்த வேண்டிய உபாத்தியாயர் திரைக்கு முன் உட்கார்ந்து இவற்றை நிரப்புகிறார். இந்த வேலையின் பளுவைக் குறித்து உபாத்தியாயர் சங்கங்கள் பல வருஷமாக முறையிட்டு வருகின்றன. முறையீட்டில் நியாயம் உண்டு. கால் ஊனம் அவர் கண்ணுக்குத் தெரியும், பதிந்துவிடுவார். ஒரு காதில் மந்தமாகக் கேட்கும் பெண் பின் பெஞ்சியில் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் "அடக்கமான பெண்" என்று நற்பெயர் பெற்றுத் தேறிப் போகிறாள். 2022 செப்டம்பரில் மத்திய கல்விப் பயிற்சி ஸ்தாபனம் "பிரசஸ்த்" என்றொரு பரிசோதனைப் பட்டியலை வெளியிட்டது. முதலில் வகுப்பாசிரியர் பார்ப்பது, பிறகு சிறப்பாசிரியர் பார்ப்பது என்பது அதன் ஏற்பாடு. கருவி நல்லதே. அதைக் கையாளும் சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பாடசாலைக்குப் பாடசாலை சுற்றுகிறவர் என்பதை மறக்கலாகாது.

ஏட்டில் ஏறாதவர்கள் ஒருபுறமிருக்க, ஏறியவர் கணக்கும் முழு உண்மையைக் கூறுவதில்லை. நடக்கவியலாத பிள்ளை வீட்டிலேயே பயிற்சி பெறுவதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறது. அப்பிள்ளையின் பெயர் அருகிலுள்ள பாடசாலை ஏட்டில் இருக்கும். "சேர்ந்தவர்" என்ற கணக்கிலும் வரும். மாதத்தில் எத்தனை நாள் பயிற்றுநர் அந்த வீட்டுத் திண்ணையை மிதித்தார் என்பது அத்தொகையிலிருந்து தெரியாது. பாடசாலையில் சாய்தளம் உண்டா என்ற கேள்விக்கு "உண்டு" என்று எழுதிவிட்டால், சக்கர நாற்காலி அதன் மேல் ஏறுமா என்று எழுத்தில் யாரும் கேட்பதில்லை. இதற்கிடையில் சுகாதார இலாகாவின் குழந்தைகள் பரிசோதனைக் குழுவிடம் ஒரு பட்டியல், அங்கன்வாடியில் ஒரு பட்டியல், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைப் பட்டியல், பாடசாலையில் ஒரு பட்டியல். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாக எடுத்த பதிவு வேறு. ஒரே குழந்தையைப் பற்றிய இந்த ஐந்து ஏடுகளையும் ஒரு மேஜையில் வைத்து ஒத்துப் பார்க்க ஜில்லாவுக்கு ஒரு வாரம் போதும். அங்கன்வாடி ஏட்டில் இருந்து பாடசாலை ஏட்டில் இல்லாத பெயர்களே முதலில் தேட வேண்டியவை.

உத்தனப்பள்ளி எல்லைப் பகுதிக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. ஓசூர் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. தொழிற்சாலையும் கட்டடவேலையும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் குடும்பங்களை அழைத்து வந்திருக்கின்றன. வீட்டில் ஒரு பாஷை, வகுப்பில் ஒரு பாஷை என்றிருக்கும் ஆறு வயதுப் பிள்ளை கேள்விக்கு விழித்தால், அதை மந்தபுத்தி என்று எழுதிவிடுவது சுலபம். உண்மையிலேயே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை, "பாஷை தெரியாததால் அப்படி, போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடுவதும் அதே அளவு சுலபம். இரண்டும் அநியாயம். கற்றல் குறைபாட்டைத் தீர்மானிக்க 2018 விதிகளில் குறிப்பிடப்பட்ட சோதனைத் தொகுதி, ஓசூருக்கு அடுத்திருக்கும் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்தில் உருவானது. பிள்ளையின் தாய்மொழி அறிந்தவர் உடனிருந்து சோதிக்காவிட்டால், எந்தச் சோதனையும் பாஷையைத்தான் அளக்கும்.

இது வெறும் சந்தேகமன்று, அமெரிக்காவில் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் பேசும் மெக்ஸிகக் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து அறிவு குன்றியோர் வகுப்பில் தள்ளியிருந்தார்கள். வழக்கு எழுந்து 1970 இல் சமரசமாயிற்று. அவர்களுடைய சொந்த மொழியில் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவர்களல்லர் என்று தெரிந்தது. இதற்கு நேர் எதிரான அக்கிரமம் டெக்ஸாஸில் நடந்தது. அங்குள்ள கல்வி இலாகா 2004 முதல் கல்வி ஜில்லாக்களைத் தணிக்கை செய்ய ஓர் அளவுகோல் வைத்தது. நூற்றுக்கு எட்டரை மாணவருக்குமேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்த ஜில்லாவுக்கு மதிப்பெண் குறையும். தேச சராசரியோ நூற்றுக்குப் பதின்மூன்று. ஜில்லாக்கள் குறிப்பறிந்து நடந்தன. குழந்தைகள் வாசலிலேயே திருப்பப்பட்டார்கள். காலப்போக்கில் டெக்ஸாஸின் விகிதம் சரியாக எட்டரையில் வந்து நின்றது. 2016 இல் ஹூஸ்டன் க்ரோனிகிள் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. இது சட்ட விரோதம் என்று 2018 ஜனவரியில் மத்திய கல்வி இலாகா முடிவு கூறியது. புள்ளியைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு கண்ணசைவு வந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நமது ஜில்லாக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதலிடம், கடைசி இடம் என்று கொட்டை எழுத்தில் போடும் பத்திரிகைகளும் இதை யோசிக்க வேண்டும்.

பெற்றோர் மறைக்கிறார்களே என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லுகிறார்கள். மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம் கிராமத்தில் இல்லாத பயமல்ல. சான்றிதழுக்காகக் கூலியை விட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு அலைவது, அலைந்தும் நாற்பது சதவீதத்துக்குக் குறைவென்று சொல்லிப் பல சலுகைகள் இல்லாமற் போவது எல்லாம் சேர்ந்து, பதிவதால் என்ன லாபம் என்று அவர்களைக் கேட்க வைக்கின்றன. இதற்கு அதட்டல் மருந்தாகாது. சிறிய ஊரில் ஒரு பாடசாலைக்கு எதிரே "ஆட்டிஸம் — 1" என்று அச்சிட்டால் அது யார் பிள்ளை என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே வெளியிடுவது ஒன்றியம் வாரியான தொகையாக இருக்கட்டும். பெயரும் பாடசாலை விவரமும் சிறப்பாசிரியருக்கும் பெற்றோருக்கும் உரியவையாக இருக்கட்டும்.

தேச ஊழியர்கள் செய்யக்கூடியது அதிகம். கிருஷ்ணகிரி ஜில்லாவின் பத்து ஒன்றியங்களில் ஒவ்வொன்றுக்கும் நாலு எண்களைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு போடலாம்: பரிசோதிக்கப்பட்ட குழந்தைகள், குறைபாடு உறுதியானவர்கள், உபகரணமோ பயிற்சியோ பெற்றவர்கள், எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்கள். இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசமே அந்த ஒன்றியத்தின் கடன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அக்குழு தயாரிக்கும் அபிவிருத்தித் திட்டத்தில் சிறப்பாசிரியர் தேவையை எழுதி வைத்தால் மேலே உள்ளவர் இல்லையென்று சொல்வது கடினம். 2024-25 இல் மத்திய சர்க்காருக்கும் தமிழ்நாட்டுச் சர்க்காருக்கும் நேர்ந்த பிணக்கில் சமக்ர சிக்ஷாப் பணம் சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. அந்தத் தலைப்பில் சம்பளம் வாங்குவோரில் சிறப்பாசிரியரும் உண்டு என்பதை இரு தரப்புப் பிரசங்கிகளும் நினைவில் வைப்பார்களாக.

கிராம சபைகளிலும் இது பேசப்பட வேண்டிய விஷயம். ஊராட்சித் தலைவர்கள், "இது கல்வி இலாகா சமாசாரம், மேலே எழுதிப் போடுகிறோம்" என்று கூறக்கூடும். 17 ஆவது பிரிவை அவர்களுக்குப் படித்துக் காட்டலாம். பாடசாலைக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் கடமையை அது சர்க்காருக்கு மட்டும் விதிக்கவில்லை. ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் சேர்த்தே விதிக்கிறது.