கண்காட்சிக்குப் போன இடத்தில் ஒரு நாள் ரயில் பயணம்



சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி என்றால் நம் குழுக்களிலிருந்து நாலைந்து பேராகக் கிளம்புகிறோம். ஒரு வாரம், பத்து நாள் ஸ்டாலில் நிற்கிறோம். நடுவில் ஆளுக்கு ஒரு நாள் மாற்றி மாற்றி வெளியே போய் வரலாம் என்று பேச்சு வரும். உடனே, "திருப்பதி போயிட்டு, அப்படியே காஞ்சிபுரம், மகாபலிபுரமும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று பட்டியல் நீளும். ஊரை விட்டு வெளியே வருவதே அபூர்வம், ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் மறுநாள் காலையில் ஸ்டாலைத் திறந்தாக வேண்டும். திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டால் அன்றைய விற்பனை போச்சு. தனியாக நின்றவளுக்கும் நமக்கும் மனக்கசப்புதான் மிச்சம்.

அதனால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மணியைப் பார்ப்போம். தங்கும் இடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு அரை மணி. டிக்கெட் எடுத்து வண்டிக்குக் காத்திருக்க அரை மணி. பிறகு ரயிலில் போகும் நேரம். இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க இன்னொரு அரை மணி. திரும்பி வரவும் இதே கணக்கு. இவ்வளவும் கழித்து அந்த ஊரில் நாலு மணி நேரமாவது கையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த ஊரை இந்தத் தடவை விட்டுவிடுவதே நல்லது. ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது திருப்பதி. சென்ட்ரலிலிருந்து எக்ஸ்பிரஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து மலைக்குப் பஸ். அதன் பிறகுதான் தரிசன வரிசை. அது எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. முன்கூட்டியே தரிசன டிக்கெட் போட்டு, ஒரு ராத்திரி தங்குவதாக இருந்தால் தனியாகப் போகலாம். கண்காட்சி நடுவில் வேண்டாம். புதுச்சேரியும் இப்படித்தான். ரயில் விழுப்புரம் வழியாகச் சுற்றிப் போகிறது, ஒரு வழிக்கே சுமார் நாலு மணி நேரம். மகாபலிபுரத்துக்கு ரயிலே கிடையாது. சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக நேரே பஸ்ஸில் போவதுதான் வசதி.

நமக்குப் பொருத்தமானது காஞ்சிபுரம். நுங்கம்பாக்கம் ஸ்டேஷன், கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதையில் இருக்கிறது. இந்தப் பாதையில் வந்து செங்கல்பட்டில் திரும்பி காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கம் போகும் வண்டிகள் உண்டு. பயணம் சுமார் இரண்டரை மணி நேரம். ஆனால் நேர் வண்டிகள் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான். நேரம் ஒத்து வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். செங்கல்பட்டு வரை மின்சார ரயில் அடிக்கடி இருக்கிறது. அங்கே இறங்கி காஞ்சிபுரம் பஸ் ஏறலாம். திரும்பும்போதும் இந்த வழி கை கொடுக்கும்.

காஞ்சிபுரத்தில் ஒரு விஷயம் முக்கியம். பெரிய கோயில்களில் மதியம் 12, 12.30 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பத்து மணிக்கு மேல் சாவகாசமாகச் சென்னையில் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க முடியும். விடிகாலை வண்டியில் போய் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் மதியத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நடை சாத்திய நேரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போகலாம். வாங்காவிட்டாலும் பரவாயில்லை. சேலையை எப்படி மடித்து வைக்கிறார்கள், விலைச் சீட்டு எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்து வந்தால் நம் ஸ்டாலுக்கே உதவும். "நல்ல கடைக்குக் கூட்டிப் போறேன்" என்று ஆட்டோக்காரர் தானாகச் சொன்னால் அதில் கமிஷன் இருக்கலாம். கடையை நாமே தீர்மானித்துக்கொண்டு ஏறுவோம்.

திருத்தணிக்குப் பாதை வேறு. நுங்கம்பாக்கத்தில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதையில் எதிர்ப்பக்கம் போனால் சென்ட்ரல். அதை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்துதான் அரக்கோணம் பக்கத்து மின்சார ரயில் புறப்படும். பல வண்டிகள் அரக்கோணத்தோடு நின்றுவிடும். "திருத்தணி வரை போகுமா?" என்று கேட்டு ஏறுங்கள். மலைக்கு 365 படிகள். மூட்டு வலிக்காரர்களுக்கு மேலே வண்டி போகும் சாலையும் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை சமயத்தில் கூட்டம் தாங்காது.

குழந்தையோடு வந்த உறுப்பினருக்கு அரை நாள்தான் முடியும் என்றால் வண்டலூர் உயிரியல் பூங்கா போகலாம். அதே செங்கல்பட்டு ரயில்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

மின்சார ரயிலுக்குப் போக, வர சேர்த்து ரிட்டர்ன் டிக்கெட்டாகக் கேட்டு வாங்கிவிட்டால் சாயங்காலம் வரிசையில் நிற்க வேண்டாம். அந்த டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறிவிடக் கூடாது. பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை, 12 வரை அரை டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு, பராமரிப்பு வேலைக்காக ரத்து செய்வதும் உண்டு. முதல் நாளே ஸ்டேஷனிலோ 139 எண்ணிலோ விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்குக் கடைசி வண்டியைக் குறித்து வைக்காமல், அதற்கு முந்தின வண்டியைக் குறித்து வையுங்கள்.

விற்பனைப் பணத்தை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. அது குழுவின் பணம். பயணச் செலவு அவரவர் கைக்காசு.

எல்லோரிடமும் செல்போன் இருக்காது. குழுத் தலைவியின் எண்ணையும் தங்கும் இடத்தின் விலாசத்தையும் எழுதி ஆளுக்கொரு சீட்டு கொடுத்துவிடுங்கள். யாராவது வண்டியில் ஏற முடியாமல் நின்றுவிட்டால் அவர் அதே ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்ட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். ஏறியவர்களில் இரண்டு பேர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்து அழைத்துப் போகலாம்.