மின்கம்பம் எவ்வளவு வளையலாம்?

காற்றில் மின்கம்பம் ஆடும்போது விழுந்துவிடுமோ என்று நாம் அஞ்சுகிறோம். ஆனால் காற்றில்லாத நாளிலும் வயற்கரையில் சரிந்தபடி நிற்கும் கம்பத்தைக் கவனியாது கடந்து செல்கிறோம். நாம் அதிகம் அஞ்சவேண்டியது இந்தச் சரிவுக்கே.

நிலத்தில் ஊன்றிய எந்தக் கம்பமும், மரமாயினும் கொங்கிறீற்றாயினும், பாரம் இழுக்கும் பக்கம் வளையவே செய்யும். தடிப்பை மாற்றாமல் உயரத்தை இரு மடங்காக்கினால், நுனியில் அதே இழுவைக்கு வளைவு 8 மடங்காகும். உயரத்தை மாற்றாமல் உருண்டை மரக்கம்பத்தின் விட்டத்தை இரு மடங்காக்கினால், வளைவு 16இல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அப்படிப்பட்ட கம்பத்தின் விலையும் பாரமும் பெரிது. ஆகவே ஓரளவு வளைவை அனுமதித்தே பொறியியலாளர் கம்பத்தை வடிவமைக்கின்றார்.

அந்த அளவு எது? எல்லாக் கம்பத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. உருக்குக் கம்பங்களுக்கான அமெரிக்க நியமம்கூட எல்லையைத் தீர்மானிக்கும் பொறுப்பை மின்பாதையின் உரிமையாளரிடமே விடுகின்றது. கம்பி நிலத்திலிருந்து போதிய உயரத்தில் நிற்குமா, காற்றில் மரத்தையோ கூரையையோ நெருங்குமா, காற்று நின்றதும் கம்பம் நிமிருமா என்பவற்றை வைத்தே எல்லை வகுக்கப்படும். சரிந்த கம்பத்தில் கம்பியினதும் ஏனைய சாதனங்களினதும் பாரம் சரிவை மேலும் கூட்டும் என்பதும் கணக்கிற் சேரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 50 மீற்றர் இடைவெளியில், நடுவே 50 சென்ரிமீற்றர் தொய்வோடு ஒரு கம்பி கட்டப்பட்டுள்ளது. நேர்கோட்டைவிட அதன் நீளம் ஏறத்தாழ 1.3 சென்ரிமீற்றர் மட்டுமே அதிகம். பாதையின் கடைசிக் கம்பத்தின் நுனி 10 சென்ரிமீற்றர் உள்ளே சரிந்தால், தொய்வு ஏறக்குறைய 1.4 மீற்றராகிவிடும். ஒரு சாண் கூட வராத சரிவினால் கம்பி ஒரு முழத்திற்கு மேல் இறங்கிவிடுகிறது! வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் அதன் கீழே வந்தால் என்னவாகும்?

இந்தச் சரிவைத் தடுக்கவே கடைசிக் கம்பத்திலும் மூலைக் கம்பத்திலும் எதிர்ப்பக்கமாக இழுகம்பி கட்டுகிறார்கள். உழவுக்கு இடைஞ்சல் என்று அதை வெட்டுவதும், வாய்க்காலுக்காகக் கம்பத்தின் அடிமண்ணை எடுப்பதும் பொறியியலாளரின் கணக்கையே குலைக்கும் செயல்கள். அடி ஒரு பாகை திரும்பினாலே, 7.5 மீற்றர் உயரத்திலுள்ள நுனி 13 சென்ரிமீற்றர் விலகிவிடும்.

புதிதாகத் துப்புரவாக்கிய காணியில் நாம் செய்யக்கூடியவை இவை:

இழுகம்பியில் மாடு கட்டவோ வேலிக்கம்பி இழுக்கவோ வேண்டாம். அதன் அருகே உழாமல் சிறிது இடம் விடுவோம். அடிமண் கரைந்திருந்தாலோ, கம்பி வழமையைவிடத் தாழ்ந்திருந்தாலோ, பிள்ளைகளையும் வாகனங்களையும் தூர விலக்கி மின்சார சபைக்கு உடனே அறிவிப்போம். நாமே கயிறு கட்டி நிமிர்த்த முனைவது உயிராபத்து.

காற்றில் ஆடி மீண்டும் நிமிரும் கம்பத்தைப் பற்றிக் கலங்கவேண்டியதில்லை. சரிந்தபின் நிமிராத கம்பத்தைக் கண்டால், அடுத்த மழைவரை காத்திராமல் அன்றைக்கே அறிவிப்போம்.